கடைக்கும் கழகத்துக்கும் லோகோ தைத்த ரீசேட்: எதைப் பார்த்து ஓடர் கொடுப்பது?

கொக்குவில்காரன்

வணக்கம். சோலார் பூட்டுகிற சின்னத் தொழில் ஒன்று நடத்துகிறேன், என்னோடு சேர்த்து 14 பேர். ஆட்களுக்குக் கொலர் வைத்த ரீசேட்டில் லோகோ எம்ப்ரொய்டரி செய்து ஆளுக்கு 3 படி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். போன வருடம் ஒருக்காச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் இந்தமுறை கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுப்பது என்று இருக்கிறேன்.

போன வருடக் கதை இதுதான். ஓரிடத்தில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். லோகோவை வட்ஸ்அப்பில் போடச் சொன்னார்கள், போட்டேன், ஒரு கிழமையில் 20 ரீசேட் பையில் கட்டி வந்தது. மடிப்போடு பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மூன்றாம் தரம் தோய்த்து எடுத்தபோது லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. அதைவிட மோசம், எங்கள் பெயரில் ‘யாழ்’ என்று வரும், அந்த ழகரத்துக்கு மேலே புள்ளியைக் காணவில்லை. நான் கவனிக்கவே இல்லை. இணுவிலில் ஒரு வீட்டுக் கூரையில் வேலை முடித்து இறங்கும்போது அந்த வீட்டு அம்மா என் நெஞ்சைப் பார்த்து “தம்பி, யாழ எண்டா என்ன?” என்று கேட்டபிறகுதான் 20 ரீசேட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

இப்போது கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்று கொழும்பு, விலை குறைவு, ஆனால் ஆகக்குறைந்தது 50 எடுக்க வேண்டுமாம். மற்றது இங்கேயே, விலை கொஞ்சம் கூட, எத்தனை என்றாலும் செய்வார்கள். இரண்டிலும் ‘பிரீமியம் குவாலிட்டி’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் இரண்டு பேரும் “நல்ல துணி அண்ணை” என்கிறார்கள். எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

இன்னொன்று, ஊர்க் கழகத்துக்கும் நான்தான் செயலாளர். கால்பந்து ஜேர்சி 22 வேண்டும், அதற்கும் எம்ப்ரொய்டரி நல்லதா?


பழையகணக்கு

தம்பி, இவ்வளவு தலையிடி எதற்கு, பிரிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கோ. ஆறு மாதத்தில் எப்படியும் ரீசேட் வெளுத்துவிடும், லோகோ மட்டும் நின்று என்ன செய்யப் போகிறது.

நானும் ஒரு காலம் எம்ப்ரொய்டரிக்கு ஆசைப்பட்டேன். கடைப் பெடியளுக்குப் பொக்கற் வைத்த சேட் வாங்கி, லோகோவைப் பொக்கற்றில் போடச் சொன்னேன். போட்டார்கள். பொக்கற்றையும் சேட்டையும் சேர்த்துத் தைத்துப் போட்டார்கள். முதல் நாள் காலை பெடியன் பழக்கத்தில் பேனையைப் பொக்கற்றுக்குள் வைக்கப் போனான், அது நேரே நிலத்தில் விழுந்தது. 9 சேட்டிலும் பொக்கற் வாய் மூடித்தான் இருந்தது. அந்த 9 சேட்டும் இப்போது வீட்டில் மோட்டர்சைக்கிள் துடைக்கிற சீலை.


ஊசியும்நூலும்

பழையகணக்கு ஐயா, உங்கள் சேட்டுக்கு நடந்தது மெசினில் பிழை இல்லை, ஓடர் எடுத்தவர் வாய் திறந்து கேட்காத பிழை. பொக்கற்றில் லோகோ வேண்டுமென்றால் பொக்கற்றைப் பூட்ட முதல் தனித் துண்டாக இருக்கும்போதே எம்ப்ரொய்டரி செய்துவிட வேண்டும். தைத்து முடிந்த சேட் என்றால் பொக்கற் வாய்க்கு மேலே போட்டிருக்கலாம்.

தம்பி கொக்குவில், நான் 11 வருடம் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் எம்ப்ரொய்டரிப் பகுதியில் நின்றவள், இப்போது சுன்னாகத்தில் வீட்டோடு இரண்டு மெசின் வைத்து ஓட்டுகிறேன். உங்கள் ஓடர் எனக்கு வேண்டாம், கையில் இருப்பதையே முடிக்க முடியவில்லை, அதனால் பக்கச்சார்பு இல்லாமல் சொல்லலாம்.

முதலில் உங்கள் அப்பளக் கதை. கொலர் ரீசேட்டுக்கு வருகிற துணி, கடையில் குரொக்கடைல் என்று சொல்கிற அந்தப் புள்ளி புள்ளியாக இருக்கிற பிக்கே, பின்னல் துணி. இழுத்தால் இழுபடும். அதில் சில ஆயிரம் தையலை ஊசியால் அடித்து ஏற்றினால் துணி உள்ளே இழுபடத்தான் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் பின்னால் ஒரு பேப்பர் வைப்போம், பேக்கிங் என்போம். இரண்டு வகை. கிழித்து எடுக்கிறது ஒன்று, கத்திரியால் சுற்றி வெட்டுகிறது ஒன்று. கிழிக்கிறது நெய்த துணிக்குச் சரி, ஒபிஸ் சேட், துணிப்பை, அந்த மாதிரி. பின்னல் துணிக்கு வெட்டுகிறதுதான் வைக்க வேண்டும், அது ரீசேட் இருக்கும்வரை லோகோவுக்குப் பின்னாலேயே இருந்து தாங்கும். கிழிக்கிறதில் நேரம் மிச்சம், பின்பக்கமும் துப்புரவாகத் தெரியும், அதனால் சிலர் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிடுகிறார்கள். கடையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது, மூன்று தோய்ப்புக்குப் பிறகுதான் தெரியும். உங்களுடைய பழைய ரீசேட் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கோ, லோகோவுக்குப் பின்னால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் காரணம் அதுதான்.

வேறு காரணமும் இருக்கலாம். தைக்கும்போது துணியைப் பிடிக்கிற வளையத்தில் அதை மேளத்துத் தோல் மாதிரி இழுத்துப் பூட்டினால், கழற்றியதும் துணி தன் இடத்துக்குத் திரும்பும், தையல் திரும்பாது. தையல் நெருக்கம் கூடினாலும் அப்படித்தான். துணி முன்னரே சுருக்கி எடுக்காத கொட்டன் என்றாலும் அதே கதை, கொட்டன் தண்ணீரில் சுருங்கும், பொலியெஸ்டர் நூல் சுருங்காது, இரண்டுக்கும் நடுவில் நெளிவு.

புள்ளி போனதுக்கு மெசினைக் குறை சொல்லாதீர்கள். லோகோப் படத்தை மெசின் வாசிக்காது. ஒருவர் கணினியில் இருந்து எந்த இடத்தில் எந்தப் பக்கமாக எத்தனை தையல் என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும், அதைப் பன்ச்சிங் என்போம். லோகோவின் தரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிவாகிறது. பன்ச்சிங்கை அனேகமான கடைகள் வெளியே அனுப்பித்தான் எடுக்கும், செய்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு உங்கள் ழகரத்துப் புள்ளி ஒரு தூசி. துடைத்துவிட்டிருப்பார்.

இங்கே இன்னொரு வில்லங்கம், பாமினி. உங்கள் லோகோ பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்து, ஃபைலைத் திறக்கிற கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்ததையும் சில பழைய மென்பொருள் உடைத்துப்போடும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால் லோகோ வரைந்தவரிடம் எழுத்துகளைக் கோடாக மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கோ, ‘கேர்வ் ஆக்கித் தாங்கோ’ என்றால் அவருக்கு விளங்கும். பிடிஎஃப் அல்லது இல்லஸ்ரேற்றரின் ஏஐ ஃபைலாக இருக்கட்டும். வட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் அது படத்தை நெரித்துத்தான் அனுப்பும், அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொக்கியுமென்ற் என்று போட்டு அனுப்புங்கோ.

எழுத்தின் அளவு. சாதாரணமாகப் போடும் 40ஆம் இலக்க நூலில் ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரம் இருந்தால் வாசிக்கலாம். அதைவிடச் சின்னதென்றால் 60ஆம் இலக்க மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் வேண்டும். தமிழுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. ழ, ஞ, ண, இ எல்லாம் உள்ளே வளைந்து வளைந்து போகிற எழுத்துகள், 5 மி.மீ.யில் தைத்தால் உள்வட்டம் மூடி ஒரு உருண்டைதான் மிஞ்சும். என் அனுபவத்தில் தமிழுக்கு 8 மி.மீ.யில் தொடங்க வேண்டும், புள்ளியை எழுத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி, உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகப் போட வேண்டும். கணினித் திரையில் பார்க்க அசிங்கமாக இருக்கும், தைத்தபிறகு சரியாக இருக்கும்.

இனி யாரிடம் கொடுப்பது என்பது. கொழும்போ யாழ்ப்பாணமோ எனக்குப் பெரிதில்லை. இரண்டு பேரிடமும் ஒன்று கேளுங்கோ: “நீங்கள் தரப்போகிற அதே துணியில், அதே நிறத்தில், என்னுடைய லோகோவை ஒன்று தைத்துத் தாங்கோ, காசு தருகிறேன்.” வேறு துணித் துண்டில் தைத்துக் காட்டுவது சாம்பிள் இல்லை. பழைய வாடிக்கையாளரின் லோகோவைக் காட்டுவதும் சாம்பிள் இல்லை. யார் தைத்துத் தருகிறாரோ அவரிடம் போங்கோ. இரண்டு பேரும் தந்தால் இரண்டையும் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் தோய்த்து வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கோ.

சாம்பிள் வந்ததும் முன்பக்கத்தைப் பிறகு பாருங்கோ, முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கோ. எழுத்து மாதிரி ஒடுங்கிய இடங்களில், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பொபின் நூலும் (கீழேயிருந்து வருகிற நூல்) இரண்டு கரையிலும் நிற நூலும் தெரிந்தால் நூல் இழுவை சரி. முழுக்க நிற நூலாகவே இருந்தால் மேல்நூல் தளர்ந்து கிடக்கிறது. முன்பக்கத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், அல்லது பொபின் தளர்வு. எழுத்துக்கு எழுத்து நூல் தாவிப் போய் வெட்டாமல் கிடந்தால் அதுவும் கவனம், தோய்க்கும்போது எதிலாவது கொழுவி இழுபடும்.


மைதானத்துப்பெடியன்

கழக ஜேர்சிக்கு மட்டும் பதில் சொல்கிறேன் அண்ணை, எம்ப்ரொய்டரி வேண்டாம்.

நாங்கள் செய்து பார்த்தோம். ட்ரைஃபிற் மெல்லிய பொலியெஸ்டர், அதில் கழகச் சின்னத்தைக் கனமாகத் தைத்தால் நெஞ்சில் ஒரு பக்கம் கல்லுக் கட்டினது மாதிரித் தொங்கும். வேர்த்தால் இன்னும் மோசம். உள்ளே அந்தப் பேப்பர் மூலை விளையாடி முடிய நெஞ்சில் சிவப்பாகக் கோடு போட்டிருக்கும், எங்கள் கோல்கீப்பர் இடைவேளையில் உள்ளுக்கு பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு இறங்கினவன்.

ஜேர்சிக்கு சப்ளிமேஷன்தான். மை பேப்பரில் அடித்து 200 பாகை செல்சியஸ் அளவில் அழுத்துவார்கள், மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும், கையால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. உரிந்து விழ அங்கே ஒன்றும் இல்லை. பெயர், இலக்கம், அனுசரணையாளர் லோகோ எல்லாம் ஒரே அடியில் வரும், எத்தனை நிறம் என்றாலும் பிரச்சினை இல்லை. ஆனால் பொலியெஸ்டருக்கு மட்டும்தான், அதுவும் வெள்ளைத் துணியில் அடித்துப் பிறகு தைக்க வேண்டும். கொட்டனில் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கோ.

தைத்த சின்னம்தான் வேண்டும் என்று கழகத்துப் பெரியவர்கள் நின்றால், விளையாடுகிற ஜேர்சியில் போடாமல் ட்ராக்சூட் மேற்சட்டையிலும் தொப்பியிலும் போடலாம், அங்கே வடிவாகவும் இருக்கும்.

காலத்தையும் பார்த்துக் கொடுங்கோ. தை மாசியில் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, எல்லா இல்லத்துக்கும் ரீசேட். மார்ச்சில் வடக்கின் போர். 1904இல் தொடங்கிய கிரிக்கெட் மச் அது, மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மைதானத்துக்குள் அடிபட, வெளியே ஒவ்வொரு பழைய மாணவர் பட்ச்சும் தங்களுக்கென்று ரீசேட் அடிக்கும். அந்த நேரம் எந்தக் கடையிலும் உங்கள் 22க்கு ஒருவரும் நேரம் தரமாட்டார்கள். நாங்கள் ஒருமுறை மாசியில் கொடுத்து சித்திரையில் வாங்கினோம். போட்டி பங்குனியில் முடிந்துவிட்டது.


பழையகணக்கு

பெடியன் பிரிண்டுக்குத்தான் ஆதரவு என்பதைக் கவனிக்கவும்.


ஊசியும்நூலும்

ஐயா, ஜேர்சிக்கு பிரிண்டுதான் சரி என்று நானும் சொல்கிறேன், சண்டை இல்லை. சப்ளிமேஷன் வேறு, கொட்டன் ரீசேட்டில் மேலே ஒட்டி அடிக்கிற பிரிண்ட் வேறு. ஒட்டுகிறது நாள் முழுக்கக் கூரையில் நின்று வேர்த்து, வாரத்தில் ஐந்து நாள் தோய்க்கிற ரீசேட்டில் வெடிக்கும். தம்பியின் ஆட்களுக்கு நெஞ்சில் சின்ன லோகோ எம்ப்ரொய்டரி, முதுகில் பெரிய எழுத்து பிரிண்ட், இப்படிப் பிரித்துச் செய்வதுதான் புத்தி. முதுகு முழுக்க எம்ப்ரொய்டரி போட்டால் வெயிலில் நிற்கிறவனுக்கு அது ஒரு போர்வை.

மழைச் சட்டை செய்கிற எண்ணம் இருந்தால் அதில் நேரே தைக்கவே கூடாது. ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை, கார்த்திகை மழையில் லோகோ வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும்.


ஸ்காபரோகுளிர்

ஊரில் இல்லை, ஆனால் கழகத்துக்குத் தொப்பி அனுப்பின ஆள் என்பதால் இரண்டு சொல்.

இங்கே 24 தொப்பி செய்வித்தேன். ரீசேட்டுக்குப் பன்ச்சிங் செய்த ஃபைல் கையில் இருந்தது, அதையே தொப்பிக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தைக்கிறவர் முடியாது என்றுவிட்டார். ரீசேட் தட்டையாகக் கிடக்கும், தொப்பி வளைந்தது, நடுவில் ஒரு தையல் மடிப்பும் ஓடும். அதனால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வெளியே போகிற மாதிரியும், கீழேயிருந்து மேலே போகிற மாதிரியும் ஒழுங்கை மாற்றிப் பன்ச் பண்ண வேண்டுமாம், இல்லாவிட்டால் துணி தள்ளுப்பட்டு எழுத்து சரிந்து நிற்கும். உயரமும் ஐந்தரை செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றார். எங்கள் சின்னத்தில் கீழே வளைந்து கழகப் பெயர் முழுசாகத் தமிழில் இருக்கும், அதைத் தொப்பியில் விட்டுவிட்டோம், சின்னத்தில் இருக்கும் பனைமரமும் ஆண்டும் மட்டும். ஊரில் கொஞ்சப் பேர் கோபம். ஆனால் வாசிக்க முடியாத பெயரைவிட மரம் மேல்.

அனுசரணைக்குக் காசு அனுப்புகிற எங்கள் ஆட்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நான் உட்பட எல்லாரும் எங்கள் கடை லோகோவை போனில் ஸ்க்ரீன்ஷொட் எடுத்துத்தான் அனுப்புகிறோம். பிறகு ஜேர்சியில் மங்கலாக வந்ததென்று கழகத்தைப் பேசுவோம். செயலாளர் அண்ணை, நீங்கள் வெட்கப்படாமல் ‘ஒழுங்கான ஃபைல் வந்தால்தான் லோகோ போடுவோம்’ என்று எழுதிவிடுங்கோ. காசு வாங்கினபிறகு கேட்டால் ஒருவரும் தேடி எடுத்துத் தரமாட்டார்கள்.


கொக்குவில்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பழைய ரீசேட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் நூல்தான், துணி கையோடு இழுபடுகிறது. பாமினியும் சரி, லோகோ செய்த பெடியனிடம் கேட்டேன், பாமினிதானாம்.

மூன்று கேள்வி. துணி எத்தனை ஜிஎஸ்எம் வாங்குவது, சொல்கிற ஜிஎஸ்எம்தான் தருகிறார்களா என்று எப்படித் தெரியும்? எங்கள் லோகோவில் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மெல்ல மெல்ல மாறுகிற சூரியன், 24 மெல்லிய கதிர், அதைத் தைக்கலாமா? லோகோவுக்குக் கீழே தொலைபேசி இலக்கம் போட வேண்டும் என்று வீட்டில் நிற்கிறார்கள், அது நல்லதா?


ஊசியும்நூலும்

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீற்றர் துணியின் நிறை. கொலர் ரீசேட்டுக்கு 200இலிருந்து 220 எடுங்கோ, 180க்குக் கீழே போனால் லோகோவின் பாரத்தைத் துணி தாங்காது. 240க்கு மேல் நம்முடைய வெயிலுக்கு ஆட்கள் போடமாட்டார்கள், வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். கலவை என்றால் கொட்டன் கூடினால் வேர்வைக்கு நல்லது, பொலியெஸ்டர் கூடினால் நிறம் நிற்கும், சுருங்காது. கூரை வேலைக்கு 60க்கு 40 கலவை, கொட்டன் கூடினது, நான் அதைத்தான் எடுப்பேன். முழுக் கொட்டன் எடுக்கிறீர்கள் என்றால் முன்னரே சுருக்கியதா என்று கேட்டு எழுதி வாங்குங்கோ.

சொன்ன நிறை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலை செய்யலாம். கடையில் துணித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டுங்கோ. கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடை இருந்தால் அந்தத் தராசில் வைக்கச் சொல்லுங்கோ. 2.2 கிராம் வந்தால் 220 ஜிஎஸ்எம், 1.7 வந்தால் 170. நூறால் பெருக்கினால் சரி. நகைக்கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

அந்தத் துண்டை எறிய வேண்டாம். வெள்ளைச் சீலையை நனைத்து அதன்மேல் பத்துத் தரம் உரசுங்கோ, நிறம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம், கடும் நீலமும் சிவப்பும்தான் அனேகமாக அகப்படும்.

சூரியன். நூலில் மெல்ல மெல்ல மாறுகிற நிறம் நெஞ்சு லோகோ அளவில் சரிவராது, செய்கிறோம் என்பார்கள், வந்தால் புண் மாதிரி இருக்கும். நடுவட்டம் மஞ்சள், கதிர் செம்மஞ்சள், இரண்டு தனி நிறமாக முடியுங்கோ. 24 கதிரை 12 ஆக்குங்கோ, ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.க்குக் குறையாத அகலம். அதற்குக் கீழே போனால் ஒற்றை நூல் கோடாகத்தான் தைக்கலாம், பிக்கேயின் குழிக்குள் அது தாழ்ந்துபோகும். தாழாமல் இருக்க மேலே தண்ணீரில் கரைகிற ஒரு மெல்லிய தாள் வைத்துத் தைப்போம், வைக்கிறார்களா என்று கேளுங்கோ. வட்டத்தைச் சுற்றிப் பின்னணி முழுக்க வேறு நிறத்தால் நிரப்பச் சொல்லாதீர்கள், ரீசேட்டின் நிறமே பின்னணியாக இருக்கட்டும். விலை தையல் எண்ணிக்கைக்குத்தான், ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று. பின்னணியை நிரப்பினால் எண்ணிக்கையும் ஏறும், நெஞ்சில் அட்டை ஒட்டினது மாதிரியும் இருக்கும்.

நிறத்தை போன் திரையில் பார்த்து ஓம் சொல்ல வேண்டாம். நூல் அட்டை இருக்கும், உண்மை நூல் வரிசையாகச் சுற்றினது, அதை வெளியே வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்து இலக்கத்தை எழுதி வாங்குங்கோ. நூல் பொலியெஸ்டரா என்றும் கேளுங்கோ. ரேயோன் நூல் மினுக்கம், கையில் மெத்தென்று இருக்கும், ஆனால் வெளுக்கிற பவுடர் பட்டாலும் நாள் முழுக்க வெயில் பட்டாலும் நிறம் விடும். உங்கள் ஆட்கள் வெயிலில்தான் சீவியம்.

தொலைபேசி இலக்கம் வேண்டாம். நெஞ்சு லோகோ 9 செ.மீ. அகலம் என்று வையுங்கோ, அதற்குக் கீழே இடைவெளியோடு 10 இலக்கம் போட்டால் ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் வரும், கொஞ்சம் எட்ட நின்று பார்க்கிறவருக்கு 3ம் 8ம் ஒன்றாகத் தெரியும். உங்களைத் தேடுகிற ஆள் வேறு வீட்டுக்கு அடிப்பார். முதுகில் பெரிதாகப் பிரிண்ட் அடியுங்கோ, ஏணியில் நிற்கும்போது தெருவில் போகிற சனத்துக்குத் தெரிவது முதுகுதான்.

இனிக் காசுப் பக்கம். பன்ச்சிங்குக்கு ஒருதரம் காசு எடுப்பார்கள், அது நியாயம். ஆனால் காசு கொடுத்தால் அந்த ஃபைல் உங்களுடையது, டிஎஸ்ரி ஃபைலைத் தாங்கோ என்று முதலே கதைத்துவிடுங்கோ, அனேகமான மெசின்கள் அதை வாசிக்கும், நாளை வேறு இடத்துக்குப் போனாலும் திரும்பக் காசு கட்ட வேண்டியதில்லை. கொட்டேஷனில் வற் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கோ, 2024 தையிலிருந்து 18 வீதம், ஒருவர் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எழுதியிருந்தால் நீங்கள் ஒப்பிடுகிற இரண்டு விலையும் ஒன்றில்லை. கொழும்பென்றால் பஸ் பார்சல் காசும், சைஸ் பிழைத்தால் திருப்பி அனுப்புகிற காசும் யாருடையது என்று கேளுங்கோ.

அந்த 50 பற்றி. உங்களுக்கு 42 வேண்டும். மிச்சம் 8 வீண் இல்லை, புதிதாக ஆள் சேர்ந்தால் தேவைப்படும், ஆறு மாதம் கழித்து 4 ரீசேட் கேட்டால் அதே நீலம் கிடைக்காது, சாயத் தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறும். ஆனால் எட்டையும் மீடியத்தில் எடுத்து வைக்காதீர்கள். சைஸ் பேரை நம்பாமல் ஒவ்வொரு சைஸிலும் ஒன்று எடுப்பித்து ஆட்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ, ஒரு இடத்து லார்ஜ் மற்ற இடத்து மீடியம்.

நேரம்: உங்கள் லோகோ 8000 தையல் அளவில் வரும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 700 தையல் ஓடினாலும் ஒன்றுக்கு 11, 12 நிமிடம், வளையம் பூட்டிக் கழற்றி நூல் வெட்ட இன்னும் மூன்று. ஒரு தலை மெசினில், அதாவது ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தைக்கிறதில், 42 ரீசேட் பத்து மணித்தியாலத்துக்கு மேல். ‘இரண்டு நாளில் முதுகு பிரிண்டோடு எல்லாம் முடித்துத் தருகிறோம்’ என்றால் எத்தனை தலை மெசின் என்று கேளுங்கோ.


கொக்குவில்காரன்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கொழும்புக்காரர் என் லோகோவில் சாம்பிள் தைத்துத் தர மறுத்துவிட்டார், 50க்கும் அட்வான்ஸ் போட்டால் முதலாவதைப் படம் எடுத்து அனுப்புகிறோம் என்றார். இங்குள்ளவர் காசு வாங்கிக்கொண்டு நாலு நாளில் ஒன்று தந்தார். நகைக்கடைத் தராசும் பார்த்தாயிற்று, 220 என்றார்கள், 2.1 காட்டியது, அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. நகைக்கடை அண்ணை மட்டும் “தம்பி, இது எத்தனை பவுண்?” என்று கேட்டுச் சிரித்தார்.

முதல் சாம்பிளில் புள்ளி இருந்தது, ஆனால் ழகரத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. திருப்பிக் கொடுத்து மேலே தள்ளச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் செய்தார். இரண்டாவதைக் கிணற்றுத் தண்ணீரில் நாலு தரம் தோய்த்துக் கொடியில் போட்டேன். எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, அதையும் தாங்கிவிட்டது. நெளிவு இல்லை. உள்பக்கம் பேப்பர் இருக்கிறது, மூலைகளை வட்டமாக வெட்டியிருக்கிறார், குத்தவில்லை. வெள்ளை நூலும் நீங்கள் சொன்ன மாதிரி நடுவில் ஓடுகிறது. கொலர் மட்டும் கொஞ்சம் சுருண்டு நிற்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

ஓடர் கொடுக்க முதல் ஒன்று அக்கா. அந்த இரண்டாவது சாம்பிளை அப்பா போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டு வந்து, லோகோ கீழே இறங்கிவிட்டது, வயிற்றில் இருக்கிறது என்கிறார். அவர் எக்ஸ்எல், சாம்பிள் எக்ஸ்எல்தான். எந்த இடத்தில் வைக்கச் சொல்வது?


ஊசியும்நூலும்

கொலர் பக்கத்துத் தோள் தையலிலிருந்து நேரே கீழே அளவுங்கோ. மீடியத்துக்கு 19 செ.மீ. அளவில் லோகோவின் நடு வர வேண்டும், எக்ஸ்எல்லுக்கு 21க்கு மேல் போகக்கூடாது. பக்கவாட்டில் நடுப் பட்டியிலிருந்து 10 செ.மீ. எல்லா சைஸுக்கும் ஒரே அளவு வைத்தால் சின்னதில் வயிற்றிலும் பெரியதில் கழுத்திலும் வரும், அவர் என்ன செய்திருக்கிறார் என்று அப்பாவின் ரீசேட்டை அளந்து சொல்லுங்கோ. 24 வந்தால் பிழை அவருடையது. 20 வந்தால் அப்பாவின் வண்டி வயிற்றினுடையது.

கொலர் சுருள்வது துணியில்லை, கொலருக்குள் வைக்கிற பட்டி. பின்னிய கொலர் என்றால் ஈரத்தில் கையால் இழுத்து நேராக்கி, தட்டையாகப் போட்டுக் காய வைக்கச் சொல்லுங்கோ. ஸ்திரிக்கை போடும்போது லோகோவின் மேல் நேரே வைக்காமல் உள்பக்கம் திருப்பி, கீழே துவாய் விரித்துப் போட வேண்டும். இதை ஆட்களின் வீட்டுக்காரிகளுக்கும் சொல்லிவிடுங்கோ, நீங்கள் சொன்னால் பெடியள் மறந்துவிடுவார்கள்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கொடுத்துவிடுங்கோ. திருவிழா நடக்கிற 25 நாளும் அந்தப் பக்கம் ஸ்டோல் போடுகிற கொம்பனிகளின் ரீசேட்தான் எல்லா மெசினிலும் ஓடும்.


கொக்குவில்காரன்

அளந்தேன். 20. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.